பாங்கு சொல்பவரின் கடைவாய்ப் பல்

அன்பும் அடக்கமும் பல் மருத்துவப் பட்டமும் ஒருங்கே வாய்த்த என் மச்சானுக்கு, உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கு நானும் உன் அக்காவும் நலம். என் வாயில் மிச்சமிருக்கும் இருபத்தொன்பது பற்களில் இருபத்தெட்டும் நலம். அங்கு நீயும் உன் வீட்டாரும் நோன்பும் தொழுகையுமாக நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் உன் கண்ணுக்கு மட்டும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. முக்கியமாக உன் அக்காவிடம் மூச்சு விடாதே. இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். எங்கள் வீட்டுப் போன் உன் அக்காவின் கையில் இருக்கிறது. அது கீழே இருக்கும் நேரம் அவள் தூங்கும் நேரம், அப்போது அது தலையணைக்கு அடியில் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருடம் நேரக் காப்பாளராக இருந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்லி ஓய்வு பெற்றவன் என்பது உனக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு என் குரலைக் கேட்க உன் அக்காவைத் தவிர ஆள் இல்லை, அவளும் கேட்பதில்லை. இப்படி இருக்கையில், நோன்பு பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் பள்ளிவாசல் மோதினாருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து, ஒரு மாதம் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்ல ஆள் வேண்டும். தெருமுனைக் கடிகாரக் கடைக்காரர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். கமிட்டித் தலைவர் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இவரு மைக் புடிச்சுப் பழகினவரு, இவரே சொல்லட்டும்” என்றார். கடிகாரக் கடைக்காரர் அன்றிலிருந்து என்னைக் கண்டால் கையைத் திருப்பி மணி பார்க்கிறார். அவர் கடையில் நாற்பது கடிகாரம் தொங்குகிறது, நாற்பதும் நாற்பது மணி காட்டுகிறது. இவர் பாங்கு சொல்லித் தெரு நோன்பு திறந்தால் விளங்கும்.

முதல் நாள் மைக்கைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் “பயணிகள் கவனத்திற்கு” என்று வந்துவிட்டது உண்மை. அதற்குப் பிறகு ஒரு பிசகும் இல்லை. மச்சான், உன்னிடம் மறைப்பானேன், இருபது வருடமாக எனக்கு இந்த ஆசை உண்டு. பேருந்து நிலையத்தில் என் குரலைக் கேட்டவர்கள் எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள்தான். இங்கே மாலையானால் தெரு முழுவதும் கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, நான் எப்போது வாய் திறப்பேன் என்று பேசாமல் காத்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இந்த நிலையில்தான் நீ அனுப்பிய பொட்டலம் வந்தது. மிருதுவான பிரஷ் இரண்டு, நாக்கு வழிக்கும் தகடு ஒன்று, வாய் கொப்புளிக்கும் நீல மருந்து ஒரு புட்டி, பல் இடுக்கில் விட்டு இழுக்க ஒரு டப்பா நூல், கூடவே உன் கையெழுத்தில் ஒரு முழுப் பக்கம். விடியுமுன் சஹரில் சாப்பிட்டு முடித்ததும், பாங்குக்கு முன்னால், நிதானமாக மூன்று நிமிடம் பல் தேய்க்க வேண்டும். நோன்பு திறந்து அரை மணி நேரம் கழித்து ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. நாக்கை மறக்கக் கூடாது. இரவு முழுக்கச் சிறிது சிறிதாக எட்டுத் தம்ளர் தண்ணீர். இனிப்பைக் குறைக்க வேண்டும். பகலில் பல் துலக்க மிஸ்வாக் குச்சி போதும். எல்லாம் சரி. படித்ததும் உன் அக்கா உச்சி குளிர்ந்து, “என் தம்பி எவ்வளவு அக்கறையா எழுதியிருக்கான் பாருங்க” என்று அந்தக் காகிதத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். ஆனால் நீ எழுதியது ஊரில் எல்லோருக்கும் பொருந்தும், ஒரே ஒரு ஆளுக்குப் பொருந்தாது. அந்த ஆள் பாங்கு சொல்லுகிற ஆள்.

யோசித்துப் பார். சஹர் நேரத்தில் தெருவில் எல்லோரும் கடைசி வாய் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, பல் தேய்த்து, கொப்புளித்துத் துப்பிவிட்டு, பாங்குக்காகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பாங்கைச் சொல்பவன் நான். நான் பத்து நிமிடம் முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பி, தெருவைத் தாண்டி, பள்ளிவாசலின் முப்பத்தாறு படி ஏறி, மாடி அறையில் மைக் முன்னால் நிற்க வேண்டும். உன் அக்கா தட்டை வைக்கும் நேரத்துக்கும் நான் செருப்பை மாட்டும் நேரத்துக்கும் நடுவே இருப்பது பன்னிரண்டு நிமிடம். அதில் சாப்பிடுவேனா, எட்டுத் தம்ளர் தண்ணீர் குடிப்பேனா, பல் தேய்ப்பேனா? இரவு முழுக்கக் குடிக்கச் சொன்ன தண்ணீரை, நீண்ட தராவீஹ் இரவுத் தொழுகையை முடித்துவிட்டு வந்த அசதியில் தூங்கிப்போய், சஹரில் மொத்தமாகக் குடித்தேன். படியேறும்போது வயிற்றுக்குள் தண்ணீர் சத்தம் போட்டது. பாங்கு சொல்லி முடித்ததும் நோன்பு ஆரம்பித்துவிட்டது, இனிப் பற்பசையைத் தொட்டால் விழுங்கிவிடுவேனோ என்று பயம். ஆகத் தெருவையெல்லாம் பல் தேய்க்க வைத்துவிட்டு, என் வாயை நானே ஒவ்வொரு நாளும் பூட்டிக்கொண்டு இறங்கி வந்தேன்.

மாலையில் தேய்க்கலாமே என்பாய். தேய்க்கலாம். நோன்பு திறந்ததும் ஆளாளுக்கு ஒரு தட்டோடு வந்து, “பாங்கு சொன்னவரு, முதல்ல நீங்க எடுங்க” என்று இனிப்பாக நீட்டுகிறார்கள். பதவிக்கு வந்த மரியாதையை எப்படித் தள்ளுவது? பிறகு தொழுகை, பிறகு சாப்பாடு, பிறகு தராவீஹ், பிறகு தூக்கம். உன் நீல மருந்தைத் தினமும் ஒரு மூடி அளந்து வாஷ்பேசினில் ஊற்றிவிடுவேன், ஏனென்றால் உன் அக்கா புட்டியில் அளவு குறைகிறதா என்று பார்க்கிறாள். எங்கள் வீட்டில் மிகச் சுத்தமான வாய் அந்த வாஷ்பேசினுடையது. நூல் டப்பாவை நான் திறக்கவே இல்லை. உன் அக்கா அதை உறுதியான நூல் என்று நினைத்துத் தலையணை உறை தைத்துவிட்டாள். படுத்தால் புதினா வாசம் வருகிறது.

ஏழாவது நோன்பில் உன் அக்கா சாப்பாட்டுத் தட்டை என் முன் வைத்துவிட்டு மூன்றடி தள்ளி உட்கார்ந்தாள். நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியை விட மணமானது, உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். “அல்லாஹ்வுக்குப் பிடிக்கும்னுதான் சொல்லியிருக்கு. எனக்குப் பிடிக்கும்னு எங்கேயும் சொல்லல” என்றாள். உங்கள் குடும்பத்துக்கே வாய் நீளம்.

சரி, மிஸ்வாக் இருக்கிறதே என்று ஒரு குச்சி வாங்கினேன். மதியத்துக்குப் பிறகு அது வேண்டாம் என்பவர்களும் உண்டு, எப்போதும் கூடும் என்பவர்களும் உண்டு. யாருக்கும் பொல்லாப்பு வேண்டாம் என்று காலையில் மட்டும், தெருவில் நாலு பேர் பார்க்கும்படி நின்று தேய்த்தேன். கடிகாரக் கடைக்காரர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் சற்று வேகமாகத் தேய்த்தேன். குச்சியின் நார் ஒன்று பிய்ந்து, இடது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குள் போய்விட்டது. பல்லுக்கு மேல் அல்ல மச்சான், உள்ளே. அங்கே ஒரு குழி இருப்பது அன்றுதான் எனக்கே தெரியும். நாக்கால் துழாவினேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து உன் அக்காவின் ஊக்கை எடுத்துக் கண்ணாடி முன் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உன் காகிதம் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. “கூர்மையான எதையும் வாயில் விடக் கூடாது” என்று ஒன்பதாவது வரியில் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துக்கொண்டேதான் விட்டேன்.

அன்று மாலை என்ன நடந்தது என்பதை நீ உட்கார்ந்து படி. நேரமானதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன். கல் மாதிரி காய்ந்த வாய், பழம் ஒட்டிக்கொண்டு நேராகக் குழிக்குள் இறங்கிற்று. அந்த வினாடியில் பாங்கைத் தொடங்க வேண்டும். தொடங்கினேன். காதிலிருந்து கணுக்கால் வரை ஒரு வலி. நிறுத்த முடியாது, தெருவே காத்திருக்கிறது. பல்லைக் கடிக்கவும் முடியாது, கடித்தால் உயிர் போகும். கண்ணில் தண்ணீர் கொட்ட, குரல் நடுங்க, ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்துச் சொல்லி முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். இறங்கி வந்தால் கீழே ஒரு கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. “இன்னைக்கு என்ன உருக்கம்! நெஞ்சப் பிசைஞ்சிருச்சுங்க” என்றார் தலைவர். கடிகாரக் கடைக்காரர்கூட மணி பார்க்க மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது என் நிலைமை உனக்குப் புரிகிறதா? இந்தப் பல்லைப் பிடுங்கினால் வலி போய்விடும், வலி போனால் உருக்கமும் போய்விடும். உருக்கம் போனால் மிச்சம் இருப்பது பேருந்து நிலையக் குரல். அதனால் பன்னிரண்டு நாளாக வலியை வெளியில் காட்டாமல் வளர்த்து வருகிறேன். ஊசிக்குப் பயந்துதான் உன்னிடம் வரவில்லை என்று நீ நினைத்தால் அது பாதிதான் உண்மை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மைக் கெட்டுப்போகும் வரை. எங்கள் பள்ளிவாசலுக்கு ஒரே மைக். என் அறையில் பாங்குக்கு இருக்கும், இமாம் பேசும்போது கீழே கொண்டுபோவார்கள். ஒரு வாரமாக இமாம் பேசுவது பின்வரிசைக்குக் கேட்கவில்லை. “மைக்கிட்ட வாங்க ஹஜ்ரத்” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். அவர் ஓர் அடி முன்னால் வந்தார், முகம் ஒரு மாதிரியானது, இரண்டு அடி பின்னால் போய்விட்டார். மைக்கில்தான் கோளாறு என்று முடிவு செய்து மைக் செட்டுக்காரரை வரவழைத்தார்கள். அவர் ஒயரை மாற்றினார். பெட்டியைக் கழற்றித் தூசி தட்டினார். மாடியில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய்களைத் திருப்பி வைத்தார். எல்லாம் முடித்துவிட்டு மைக்கின் தலையில் இருக்கும் பஞ்சுறையில் வாயை வைத்து, “ஹலோ, ஹலோ, ஹ...” என்று ஆரம்பித்தவர் மூன்றாவது ஹலோவை முடிக்கவில்லை. பஞ்சை இரண்டு விரலால் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்.

“மைக்குக்கு ஒண்ணும் இல்லீங்க” என்றார். “இதுல யாரு பேசுறது?”

“நிறையப் பேரு பேசுறாங்க” என்றேன் நான்.

அவர் என் கன்னத்தைப் பார்த்தார். அது அப்போது சற்று வீங்கி இருந்தது. பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார், நல்ல மனிதர். ஆனாலும் தலைவரிடம் சொல்லியிருக்கிறார். இன்று பகல் ஒரு புது மைக்கைக் கொண்டுவந்து மாட்டி, அதன் சுவிட்சைப் பற்றி என்னிடம் மூன்று முறை ஏதோ விளக்கினார். முப்பத்தோரு வருடம் மைக்கோடு குடித்தனம் நடத்தியவனுக்குச் சுவிட்ச் பாடமா என்று நான் காதில் வாங்கவில்லை. பிற்பகல் அஸர் பாங்குக்கு அவரே மைக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தலைவர் நாளை மாலை கமிட்டியைக் கூட்டியிருக்கிறார். பேசப்போகும் விஷயம் ஒன்றே ஒன்று: மீதி நோன்புகளுக்குப் பாங்கு சொல்லப்போவது நானா, கடிகாரக் கடைக்காரரா. மச்சான், இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. இந்தப் பதினொரு நாளை என்னிடமிருந்து பிடுங்கினால், பல்லைப் பிடுங்குவதைவிட எனக்கு வலிக்கும். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஆகவே உன்னிடம் ஒரு சிறு உதவி. இதைக் காலை முதல் வண்டியில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் பெயர் அச்சிட்ட தாளில் நாலே வரி எழுதி அதே வண்டியில் திருப்பி அனுப்பு: இவரை நன்கு பரிசோதித்தேன், வாய் மிகச் சுத்தம், பற்கள் திடம், வாடை ஏதும் இருந்தால் அது முழுக்க நோன்பினால் வருவது. பார்க்காமல் எப்படி எழுதுவது என்று கேட்காதே. பார்த்தால்தான் உன்னால் எழுத முடியாமல் போகும். நோன்பு வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறானே என்று நினைக்காதே, பொய் சொல்லச் சொல்லவில்லை, பார்க்காததை நல்லதாக எண்ணச் சொல்கிறேன்.

மாடி அறையில் மின்விசிறி சுற்ற, கன்னத்துக்கு இதமாகத் துண்டைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை, நிம்மதியாக இருக்கிறது. பேருந்து நிலையத்தில் எந்த அறிவிப்பையும் எழுதி, ஒரு முறை உரக்க வாசித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவேன். அந்த வழக்கப்படி இதையும் தொடக்கத்திலிருந்து வாசித்துப் பார்த்துவிட்டு உறையில் போடுகிறேன்.

உன் கைராசி ஓங்கட்டும், உன் வீட்டில் பரக்கத் பெருகட்டும், உன் பிள்ளைகளுக்குப் பல் வரிசையாக முளைக்கட்டும். எனக்காக துஆ செய்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன், தற்காலிக மோதினார்

பி.கு.: இதைப் பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுவது ரோட்டினால். நேற்று கடிதம் முழுவதையும் என் நல்ல குரலில், நிறுத்தி நிதானமாக வாசித்து முடித்துத் துண்டை அவிழ்த்தேன். தெருவில் ஒரு சத்தம் இல்லை. வண்டிச் சத்தம்கூட இல்லை. எட்டிப் பார்த்தேன். தெரு முழுக்க ஜனம் தலையை அண்ணாந்து குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் புது மைக்கில் சுவிட்சைக் கீழே தள்ளினால்தான் வேலை செய்யுமாம். கீழே இருப்பதைப் பார்த்து, மைக் செட்டுக்காரரே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். அதைத்தான் மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

முப்பத்தாறு படியும் ஏறி முதலில் வந்தவள் உன் அக்கா. அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். “பன்னெண்டு நாளு என்கிட்ட சொல்லாம இருந்திருக்கீங்களே” என்றாள். பிறகு, “உருக்கம் பல்லுலயா இருக்கு? மேடை மூணுல கடைசி வண்டின்னு நீங்க சொல்லும்போதே நான் தூக்குவாளியோட அப்படியே நின்னுடுவேன். அதக் கேக்கத்தான் தினமும் சாப்பாடு எடுத்துட்டு வந்தேன்” என்றாள். முப்பத்தோரு வருடம் சாப்பாடு கொடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்திருந்தேன், மச்சான்.

அடுத்து இமாம் வந்தார். “பசியில வர்ற வாடை வேற, இடுக்குல தங்கினது கெட்டு வர்ற வாடை வேற. ரெண்டாவதுக்கு நன்மை கிடையாது” என்றார். பல் பிடுங்குவதாலும் மரத்துப்போக ஊசி போடுவதாலும், தொண்டைக்குள் எதுவும் இறங்காத வரை நோன்பு முறியாது என்றும், பயமாக இருந்தால் நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பயம் என்ற சொல்லைக் கீழே இருப்பவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். மைக் இன்னும் போட்டபடியேதான் இருந்தது.

தலைவர், கூட்டம் தேவையில்லை, எல்லோரும்தான் கேட்டாயிற்றே என்று கலைத்துவிட்டார். கடைசியாகக் கடிகாரக் கடைக்காரர் வந்தார். நாற்பது கடிகாரக் கதையை அவரும் கேட்டிருக்கிறார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அவர் மணி பார்க்கவில்லை. “சஹர் பாங்க நான் சொல்றேன். நீங்க வீட்ல இருந்து நிதானமா பல்லு தேய்ங்க. நோன்பு திறக்கிற மக்ரிப் பாங்கு உங்களோடதுதான். அத உங்கள மாதிரி என்னால சொல்ல முடியாது” என்றார். இன்று காலை அவர்தான் சொன்னார், நான் கண்ணாடி முன் நின்று முழுதாக மூன்று நிமிடம் தேய்த்தேன். இந்த நோன்பில் இதுவே முதல் தடவை. அவர் பாங்கு அரை நிமிடம் முந்திவிட்டது, ஆனால் நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

சான்றிதழ் வேண்டாம். கண்டக்டரும் வேண்டாம், கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். பக்கத்து இருக்கையில் உன் அக்கா இருக்கிறாள். பின் இருக்கையில் தலைவர் இருக்கிறார், அவருக்கு மேல் வரிசையில் இரண்டு பல் சொத்தையாம். கடிகாரக் கடைக்காரருக்கும் பத்து வருடமாக அதே இடது கீழ்க் கடைவாய்தானாம். அவர் மட்டும் இன்று மாலை என் பாங்கைச் சொல்ல அங்கே இருந்துவிட்டார், நாளைக்கு வருகிறார். நோன்பு திறந்ததும் இதை உன் கையில் கொடுப்பேன். கடைசி வரியை நீ படிக்கும்போது உன் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நிமிர்ந்து பார்.